ஒரு நாளும் விடேல்லை

காசநோய் மருந்து தொடங்கி ஐந்தாம் மாதம் எடுத்த சளிப் பரிசோதனையின் முடிவைச் சொல்வதற்கு மருத்துவர் பிறேமினியை அவசரமாக வரச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் வரவேண்டாம், ஹவுன்ஸ்லோ வீட்டு வாசலுக்கே டாக்சி அனுப்புகிறோம் என்றார்கள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஜெர்மனியில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டுக் கணவன் ஜெராட்டோடு லண்டனுக்கு வந்து ஆறு வருடம். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் இடத்தில் வேலை. ஜெர்மன் மொழி தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலத்தை வாசிப்பாள், பேச வாய் திறந்தால் திக்கும். அதனால் காசநோய்க் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் மேசையில் ஃபோனை வைத்து, எங்கிருந்தோ ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பேசவைத்தார்கள்.

மருத்துவர் முகக்கவசத்துக்குள்ளிருந்து நீளமாகப் பேசினார். ஃபோனிலிருந்த இந்தியத் தமிழ்ப் பெண் சுருக்கிச் சொன்னாள்.

"ஆரம்பத்துல இந்தக் கிருமி எல்லா மருந்துக்கும் செத்துச்சும்மா. இப்ப முக்கியமான ரெண்டு மருந்துக்குச் சாகமாட்டேங்குதாம். வெளியிலேருந்து புதுசா வந்தது இல்லையாம். பழைய கிருமியே உங்க உடம்புக்குள்ள மாறியிருக்கு. மாத்திரையை நடுவுல விட்டீங்களான்னு டாக்டர் கேக்கறாரு."

"இல்லை. ஒரு நாளும் விடேல்லை."

மருத்துவர் தலையாட்டிவிட்டு எதையோ எழுதினார்.

"பரவாயில்லை, நிறையப் பேர் விட்டுடறாங்க, உங்களைத் திட்டமாட்டோம்னு சொல்றாரு. உண்மையைச் சொன்னா போதுமாம்."

அந்தக் கனிவுதான் அவளைச் சுட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

புது மருந்து தொடங்க ஒரு கிழமை ஆகும், அதுவரை அறையை விட்டு வெளியே வரவேண்டாம் என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து படுத்தவள், குளியலறையில் சத்தம் கேட்டு எழுந்துபோய்ப் பார்த்தாள். ஜெராட் முழந்தாளிட்டு, அலுமாரியின் அடித்தட்டைக் கையால் துழாவிக்கொண்டிருந்தான்.

"என்ன தேடுறியள்?"

"ஒண்டுமில்லை."

"குளிசை ஒளிச்சு வைச்சிருக்கிறனோ எண்டு பாக்கிறியளோ?"

அவன் எழுந்து கையைத் துடைத்தான். "கோவிக்காதையும். ஒவ்வொரு நாளும் காலமை சத்தி எடுத்தனீர். சத்திக்குப் பயந்து ரெண்டொரு நாள் விட்டிருந்தா ஆரும் குறை சொல்லேலாது."

"சத்தி எடுத்திட்டும் அடுத்த நாள் குடிச்சனான். அதை அங்கையும் சொன்னனான். மூண்டு தரம் சொன்னனான்."

"சொன்னா ஏன் அவை ஒண்டும் செய்யேல்லை?"

அவர்கள் எதுவும் செய்யாததால், அந்த மருந்துக்கு அப்படித்தான் இருக்கும் போல என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தக் கேள்வி முள்ளாய்க் குத்தியது. அன்றைக்கே கிளினிக்குக்கு மின்னஞ்சல் எழுதினாள்: என்னைப் பற்றி எழுதி வைத்திருப்பது எல்லாம் எனக்கு வேண்டும்.

நான்காம் நாள் குறிப்புகள் வந்தன. கட்டிலில் இருந்தபடி ஒவ்வொரு வரியாக வாசித்தாள். முதல் மாதக் குறிப்பில் ஒரு வரி: மருந்து எடுத்ததும் தனக்குச் சக்தி வருவதாக நோயாளி கூறுகிறார். இரண்டாம் மாதத்திலும் அதே வரி. மூன்றாம் மாதம், தினமும் காலையில் சக்தி வருகிறதாம், மிக நல்ல முன்னேற்றம்.

இந்தப் பைத்தியக்காரக் கதையை யார் சொன்னது என்று முதலில் எரிச்சல்பட்டாள். பிறகு, தான் சொன்னதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். "மருந்து எடுத்தா எனக்குச் சத்தி வருது." வாந்தி என்றே பேசிப் பழகிய ஒருத்தியின் காதில், சத்தி என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரி சொன்னால் சக்தி என்று அல்லாமல் வேறு எப்படி விழும்?

சிரிப்பு வந்தது. சிரித்த சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையானது. கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது: மருந்துகளைத் தவறவிட்டவர், ஒப்புக்கொள்ள மறுக்கிறார். அழுகை அங்கேயே நின்றது.

அடுத்த முறை கிளினிக்கில் தாதி ஃபோனை எடுத்தபோது பிறேமினி அதன்மேல் கையை வைத்தாள். திக்கினாலும் பரவாயில்லை என்று ஆங்கிலத்திலேயே பேசினாள். மூன்று வரிகளையும் மஞ்சள் மையால் கோடிட்டிருந்தாள். இந்தச் சொல் சக்தி அல்ல, வாந்தி. தினமும் வாந்தி. குடித்து அரை மணிக்குள். மூன்று மாதம் சொன்னேன். நீங்கள் மிக நல்ல முன்னேற்றம் என்று எழுதினீர்கள்.

மருத்துவர் தாளைக் கையில் எடுத்து மூன்று வரிகளையும் வாசித்தார்.

"அப்படியென்றால் மருந்தில் பாதி உங்கள் உடம்பில் தங்கவே இல்லை," என்றார். நிதானமாக, அவளுக்குப் புரியும்படி சொன்னார். நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் பெருகும்போது, ஒன்றிரண்டு தற்செயலாக மாறிப் பிறக்கும். எல்லா மருந்தும் முழு அளவில் சேர்ந்து இருந்தால், ஒன்றுக்குத் தப்புவது இன்னொன்றில் சாகும். அளவு குறைந்தால் சாதாரணக் கிருமிகள் மட்டும் சாகும். தப்பிய அந்த ஒன்றிரண்டு, காலியான இடத்தில் பெருகும்.

"நான் சாப்பிட்டேன். தவறு என்னுடையது அல்ல," என்றாள் பிறேமினி.

"இல்லை. உங்களுடையது அல்ல. நாங்கள் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்."

"அதை எழுதுங்கள்."

பழைய குறிப்பை அழிக்க முடியாது, திருத்தம் சேர்க்கலாம் என்றார் அவர். சேருங்கள், நான் இருந்து பார்க்கிறேன் என்றாள். அவர் தட்டச்சு செய்ய, அவள் திரையைப் பக்கத்திலிருந்து வாசித்தாள். 'வாந்தி எடுத்திருக்கலாம்' என்று வந்த இடத்தில் விரலை வைத்தாள். அவர் அதை அழித்து 'வாந்தி எடுத்தார்' என்று எழுதினார். அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார். அவள் எழும்பவில்லை. முழுவதையும் இன்னொரு தடவை வாசித்து முடித்த பிறகுதான் புது மருந்துகளை வாங்கினாள், வாந்திக்கான மாத்திரையோடு.

இந்த வகை நோய்க்கு மருந்து குடிப்பதைத் தினமும் வீடியோ எடுத்து அனுப்பவேண்டும் என்றாள் தாதி. எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா என்று கேட்டாள் பிறேமினி. எல்லாருக்கும்தான் என்ற பிறகே தலையாட்டினாள்.

புது மருந்து லேசாக இருக்கவில்லை. கால் விரல்கள் மரத்தன, நாக்கில் எதுவும் ருசிக்கவில்லை. ஆனாலும் மருந்து வயிற்றில் தங்கியது. இரண்டாம் மாதச் சளியில் கிருமி வளரவில்லை.

அந்த வாரம் ஜெராட்டின் அக்கா வசந்தமலர் இல்ஃபோர்ட்டிலிருந்து ஃபோன் எடுத்தாள். "இனியெண்டாலும் குளிசையை ஒழுங்கா எடும், பிறேமினி. முந்தி விட்டதாலதானே இவ்வளவு கரைச்சல்."

பிறேமினி ஜெராட்டைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"கொஞ்சம் பொறுங்கோ மச்சாள்," என்று ஃபோனை அவனிடம் நீட்டினாள். "நீங்கள் சொன்னதை நீங்களே மாத்திச் சொல்லுங்கோ."

"பிறகு சொல்லுறன்."

"இப்ப."

அவன் ஃபோனை வாங்கினான். "அக்கா, அவ ஒரு நாளும் விடேல்லை. நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்று தொடங்கினான். பிறேமினி கைகளைக் கட்டிக்கொண்டு, அவன் கடைசிவரை சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.