மூன்று வினாடிச் சிரிப்பு

சிரிப்புப் படங்களுக்கு ட்ரெய்லர் வெட்டுவது என் பிழைப்பு. "ஜாலியான வேலை" என்பார்கள். வயிறு எரியும். ஒரே ஜோக்கை நூற்றைம்பது முறை பார்த்தவனுக்கு எங்கிருந்து ஜாலி வரும்?

கதைக்கு மூன்று கட்டம்: நிம்மதி, அது குலைவது, மறுபடி நிம்மதி. ட்ரெய்லரில் முதல் இரண்டைத்தான் காட்டுவோம். மூன்றாவதற்கு டிக்கெட் எடுக்கட்டும். இன்னொன்று, ஒருவன் வழுக்கி விழுவதையும் ஒருத்தி சிரிப்பதையும் அடுத்தடுத்து ஒட்டினால் போதும். அவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று பார்ப்பவர்களே முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். இதைக் கல்லூரிக்கே போய்ப் பாடம் நடத்தியிருக்கிறேன், பெரிய இவன் மாதிரி.

இந்தப் படத்தில் கதாநாயகியின் தோழியாக வருபவள் என் தங்கை. படப்பிடிப்பு முடிந்த மூன்றாம் வாரம் சாலையில் அடிபட்டுப் போய்விட்டாள். ட்ரெய்லர் வேலை என்னிடம் வந்ததும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவ சிரிக்கிறத ஒரு தடவ பாத்துடணும்டா. வேற ஒண்ணும் வேணாம்."

பாழாய்ப்போன படத்தில் அவளைச் சிரிக்கவே விடவில்லை. எல்லாக் காட்சியிலும் முறைப்பு, திட்டு. 'கட்' சொன்ன பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்த மிச்சங்களைத் தேடினேன். சத்தத்தை அணைத்துவிட்டுத் தேடுவது என் வழக்கம், முகம்தானே வேண்டும். கிடைத்தது. குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க மூன்று வினாடி. கதாநாயகன் சேற்றில் விழும் ஷாட்டுக்குப் பின்னால் ஒட்டினேன். இயக்குநர் துள்ளிக் குதித்தார்.

ட்ரெய்லர் வெளியான அன்று மத்தியானம் அம்மாவுக்கு போனில் போட்டுக் காட்டினேன். அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"இவ சிரிக்கலடா. அழுவுறா."

"சும்மா இரும்மா, சிரிப்புதான்."

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

எடிட்டிங் அறைக்கு ஓடினேன். அந்தத் துண்டைச் சத்தத்தோடு போட்டேன். யாரோ ஒரு பெண் "என்னக்கா ஆச்சு?" என்கிறாள். என் தங்கை மூக்கை உறிஞ்சுகிறாள்.

"ஒண்ணுமில்ல. எங்க அண்ணன் இன்னிக்கும் போன எடுக்கல."

ஆமாம், எடுக்கவில்லை. தோழி வேஷத்துக்கெல்லாம் இவ்வளவு பெருமையா என்று ஒருநாள் எகிறினேன். அவளும் விடவில்லை. அதோடு பேச்சு நின்றது. அப்புறம் அவளே ஏழெட்டு முறை கூப்பிட்டாள். இன்னும் நாலு நாள் தவிக்கட்டும் என்று, போன் திரையில் அவள் பெயரைப் பார்த்துக்கொண்டே வேறு ஏதோ படத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். சண்டாளன்.

அந்த மூன்று வினாடியை ட்ரெய்லரிலிருந்து எடுத்துவிடலாம் என்று இயக்குநரிடம் சொன்னேன்.

"அட போப்பா! எல்லாரும் அந்த இடத்துலதான் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"எதுக்குடா அழுதா?"

வாய்வரை ஒரு பொய் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்ட பேசணும்னு கூப்பிட்டிருக்காம்மா. நாந்தான் எடுக்கல."

அம்மா மெல்லக் கையை உருவிக்கொண்டாள்.