1183, மொழி மேற்படி

காந்திமதிநாத பிள்ளை ராணுவ மெடல் சேகரிப்பவர். பாறசாலையில் அவரை அறிந்தவர்கள் இதை ஒரு நோய் என்றே நினைத்தார்கள். மற்றபடி நல்ல மனிதர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சர்க்கார் அலுவலகம் ஒன்றின் ரிக்கார்டு அறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவருடன் பென்ஷன் வாங்கியவர்களில் சிலர் கோயிலுக்குப் போனார்கள். சிலர் சகோதரர்கள்மேல் வழக்குப் போட்டு நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்குப் போனார்கள். பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு பழைய பட்டாளக்காரர்களின் வீடுகளுக்குப் போனார்.

இப்படிப்பட்ட மெடல்களின் விளிம்பில், வாங்கியவரின் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். அந்த எண்ணைப் பட்டாளத்துப் பதிவேட்டில் தேடிப் பிடித்து, ஆள் இன்னார்தான் என்று எழுத்தில் உறுதி ஆகாமல் எந்த மெடலையும் அவர் தன் தேக்குப் பெட்டிக்குள் விடுவதில்லை. பெட்டியில் முப்பத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. உறுதியாகாத ஏழு மெடல்கள் ஒரு பிஸ்கட் டின்னில் வருடக் கணக்காகக் காத்திருந்தன. அவர் மனைவி உமையம்மாள் அந்த டின்னைப் போலீஸ் லாக்கப் என்று சொல்வாள்.

அவர் ஆசைப்பட்டது ஒரு வெண்கல மெடல். முதல் மகாயுத்தத்துக்குப் போன சிப்பாய்களுக்கு வெள்ளியில் கொடுத்தார்கள். அதே யுத்தத்தில் மூட்டை சுமந்த கூலிப்படைக்கு அதே அச்சில் வெண்கலத்தில் கொடுத்தார்கள். கூலிக்காரர்களில் பாதிப்பேர் அதை வாங்கவே போகவில்லை. வாங்கியவர்களும் பாத்திரக்காரனிடம் போட்டுக் கரண்டியோ விளக்கோ வாங்கிக்கொண்டார்கள். ஆகவே மட்டமான உலோகம்தான் இப்போது கிடைக்காத பொருளாகிவிட்டது. பிள்ளைக்குத் தெரிந்து, சுற்று வட்டாரத்தில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அது கொல்லயில் என்ற ஊர்ப் பக்கம் பொன்னையன் வீட்டுச் சுவரில் தொங்கியது.

பொன்னையனுக்கு அறுபது வயது இருக்கும். மரச்சீனிக் கிழங்கும் வாழையும் போட்டிருந்தார். ஊரில் அவருக்குப் பெயர் பஸ்ரா. இளம்வயதில் கூலிப்படையில் சேர்ந்து பஸ்ராவுக்குக் கப்பலில் போனதாகவும், இரண்டு வருடம் அங்கே மூட்டை சுமந்ததாகவும் அவர் முப்பத்தைந்து வருடமாகச் சொல்லி வந்தார். ஊர் அதே முப்பத்தைந்து வருடமாக அதை நம்பாமல் இருந்து வந்தது. அந்த இரண்டு வருடமும் அவர் நாகர்கோவிலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை எடுத்தார் என்பது ஊரின் கட்சி. மெடல்? அதை ஏதாவது பட்டாளக்காரன் சோற்றுக் கடனுக்குக் கொடுத்திருப்பான்.

பிள்ளை விலை கேட்டபோது பொன்னையன் தலையாட்டி மறுத்தார்.

"வெல ஒண்ணும் வேண்டாம் சாரே. நான் பஸ்ராவுக்குப் போனேன் எண்ணு சாரு பட்டாளத்து ஆபீசிலேருந்து ஒரு கடுதாசி வருத்தித் தரணும். ஆனந்தபாய் சாயாக்கடையில வச்சு, எல்லாவனும் கேக்க வாசிக்கணும். அவனுவ சம்மதிச்சா அந்த நிமிசம் மெடல் சாருக்கு உள்ளதாக்கும்."

பிள்ளைக்கு இது மிக எளிய நிபந்தனையாகத் தோன்றியது. மெடலை வாங்கி விளிம்பைப் பார்க்கும்வரை அப்படித்தான் தோன்றியது. விளிம்பு கண்ணாடி போல இருந்தது. பெயர் இல்லை, படைப்பிரிவு இல்லை. ஓர் இடத்தில் மட்டும் 1183 என்ற எண் தெளிவாக நின்றது.

பொன்னையனின் மனைவி கிருஷ்ணம்மா பக்கத்திலேயே பெருமையோடு நின்றிருந்தாள். வருடா வருடம் ஓணத்துக்கு முந்தின நாள் புளியும் சாம்பலும் போட்டு அவளே தேய்ப்பதாகச் சொன்னாள். ஒரு வருடம்கூட விட்டதில்லை. மெடலின் ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறு பக்கம் துணியே இல்லாத ஒருவன் குதிரைமேல் இருந்தான். அவனையும் தேய்ப்பாள், ஆனால் மாட்டும்போது அவன் முகம் சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். பிள்ளை கறையான் தின்ற ஆதாரத்தைக் கையில் பிடித்தவர்போல அவளைப் பார்த்தார். இந்த எண் மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்டார்.

"அங்கினயாக்கும் சாரே, நான் விரலு வச்சுப் பிடிக்கியது," என்றாள் கிருஷ்ணம்மா.

பிள்ளை வடக்கே உள்ள ராணுவ ரிக்கார்டு ஆபீசுக்கு எழுதினார். பதில் இல்லை. மீண்டும் எழுதினார். இதில் தங்களுக்கு என்ன சம்பந்தம் என்று ஒரு கார்டு வந்தது. நாலு பக்கத்தில் சம்பந்தத்தை விளக்கினார். எண்ணுள்ள ஒற்றை வரியை மட்டும் அனுப்பிவிடப் போகிறார்களே என்று பயந்து, பதிவேட்டின் முழுப் பக்கத்துக்கும் நகல் வேண்டும் என்று கோடு போட்டுக் கேட்டார். ஒற்றை வரியை நம்புகிறவன் ரிக்கார்டு வேலைக்கு லாயக்கில்லை என்பது அவர் சித்தாந்தம். இந்தச் சித்தாந்தம் பின்னால் அவருக்கு விளைத்த சங்கடம் அப்போது அவருக்குத் தெரிய வழியில்லை.

பதினொரு மாதம் கழித்து, 1954-இன் கோடையில், உறை வந்தது. அதற்குள் ஊர் வேறு ஊராகியிருந்தது. ராஜ்யங்களைப் பிரிக்க டெல்லியில் கமிஷன் போட்டிருந்தார்கள். தெற்குத் தாலுகாக்கள் சென்னையோடு சேர வேண்டும் என்று தமிழர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் இந்த ஓரம் எந்தப் பக்கம் என்பதுதான் இங்கே கேள்வி. ஆனந்தபாய் கடையில் இரண்டு பெஞ்சுகள். தமிழ்ப் பெஞ்சுக்குத் தலைவர் சுயம்பு, பாலராமபுரம் வேட்டிகளைச் சைக்கிளில் வைத்து விற்பவர். மலையாளப் பெஞ்சுக்குத் தலைவர் விஜயதாஸ், ஆரம்பப் பள்ளி வாத்தியார். இருவரும் கமிஷனுக்கு மகஜர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரே கடையில், ஒரே மைக்கூட்டிலிருந்து எழுதினார்கள். அவரவர் வீட்டில் இருவரும் இரண்டு பாஷையும் பேசினார்கள். அது மகஜரில் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளை உறையோடு வந்தார். பொன்னையன் சட்டை போட்டுக்கொண்டு, மெடலைத் துணியில் முடிந்து எடுத்து வந்திருந்தார். முடிச்சை அவிழ்த்து அதைப் பருப்பு வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, ஆங்கிலத்தை வாசித்து, பிறகு அர்த்தம் சொன்னார். எண் 1183. பெயர் பொன்னையன். ஊர் பாறசாலை, திருவிதாங்கூர். பம்பாயில் கப்பல் ஏறியது 1917 மார்ச் பதினான்கு. இருந்த இடம் பஸ்ரா. திரும்பியது 1919 ஜனவரி. நடத்தை நன்று.

பொன்னையன் யாரையும் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்.

விஜயதாஸ் ஆங்கிலம் அறிந்தவர் என்ற உரிமையில் கையை நீட்டித் தாளை வாங்கினார். அந்த வருடம் அவர் கண் எந்தத் தாளிலும் ஒரே இடத்துக்குத்தான் போகும். அதில் மொழி என்று ஒரு பத்தி இருந்தது. 1183-க்கு நேரே மேற்படி என்பதற்குரிய இரண்டு சிறு கோடுகள். மேலே 1182-க்கும் அதே கோடுகள். அவர் விரல் ஏறிக்கொண்டே போய் 1175-இல் நின்றது. அங்கே விசாகப்பட்டினத்துக்காரன் ஒருவன் பெயர். மொழி, தெலுங்கு.

தாள் சுயம்புவிடம் போனது. மாதக் கணக்கில் நேருக்கு நேர் பேசாத இரண்டு பெஞ்சும் ஒரே தாளில் தலையை வைத்துப் பார்த்தன.

"மாமா, ஒமக்குத் தெலுங்கு அறியுமா?" என்று சுயம்பு கேட்டார்.

"தெலுங்கு எனக்கு எதுக்குலே?"

"அப்போ இது வேற பொன்னையனாக்கும். தெலுங்கு பேசுத ஒரு பொன்னையன் பஸ்ராவுக்குப் போயிருக்கான். நீரு நாகர்கோவிலுக்குப் போனீரு."

விஜயதாஸும் இதை ஆமோதித்தார். தமிழன் என்று எழுதியிருந்தால் அவர் எதிர்த்திருப்பார். மலையாளி என்று எழுதியிருந்தால் சுயம்பு எதிர்த்திருப்பார். தெலுங்கு இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது. பொன்னையன் மெடலை எடுத்துத் திரும்பவும் துணியில் முடியத் தொடங்கினார். பிள்ளை அந்த முடிச்சையே பார்த்தார். பதினொரு மாதமும் இருபத்திரண்டு கடிதமும் அதற்குள் போய்க்கொண்டிருந்தன.

யாரும் தெலுங்கு என்று எழுதவில்லை, மேற்படி என்றுதான் எழுதியிருக்கிறது என்று அவர் விளக்கிப் பார்த்தார். பம்பாய்த் துறைமுகத்தில் ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள், எழுதுகிறவனுக்குக் கை வலிக்காதா என்றார்.

"சர்க்கார் கடுதாசியில அப்படி சும்மா மேற்படி போடுவினுமா சாரே?" என்றார் விஜயதாஸ். "ரிக்கார்டில உள்ளதுதான் சத்தியம் எண்ணு சாருதானே எப்பளும் பறயது? மேற்படி போட்ட ஒருத்தனையாவது சாரு கண்டதுண்டா?"

முப்பத்திரண்டு வருடச் சர்வீசில் தன் எழுத்தில் ஒரு பிழை இல்லை என்று பிள்ளை இதே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதுண்டு. அதைச் சொல்லாத வாரம்தான் குறைவு. முடிச்சில் இரண்டாவது சுற்று விழுந்தது.

"ஒருத்தனைக் கண்டிருக்கேன். நான்தான்," என்றார்.

பிறகு குரலை ஏற்றாமல், அலுவலகத்தில் விளக்கம் எழுதிக் கொடுப்பவர்போலச் சொன்னார். ஐம்பத்தொன்றாம் வருடத்து மக்கள்தொகைக் கணக்கு. இந்தக் கடைக்குத் தெற்கே அறுபத்துமூன்று வீடுகள் அவர் பங்கு. முதல் வீட்டில் தாய்மொழி என்ன என்று கேட்டார். புருஷன் ஒன்று சொன்னான், பெண்டாட்டி வேறொன்று சொன்னாள். மாமியார் வந்து இரண்டும் இல்லை என்றாள். ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. ஒரு வழியாக ஒன்றை எழுதிவிட்டு வெளியே வந்தபோது, இன்னும் அறுபத்திரண்டு வீடுகள் நின்றன.

"பேரு கேட்டேன், வயசு கேட்டேன், மாடு எத்தனைண்ணுகூடக் கேட்டேன். மொழி மட்டும் யாருகிட்டயும் கேக்கல்ல. அறுபத்திரண்டுக்கும் மேற்படி. உங்க ரெண்டு பேரு வீடும் அதுலதான் உண்டு."

சுயம்புவும் விஜயதாஸும் ஒரே நேரத்தில் கேட்டார்கள், ஒருவர் தமிழிலும் ஒருவர் மலையாளத்திலும். முதல் வீட்டுக்கு என்ன எழுதினார்?

"அது ரிக்கார்டுல இருக்கும்," என்றார் பிள்ளை.

கடையில் இருந்தவர்களுக்கு நிலைமை விளங்கச் சற்று நேரம் ஆனது. அந்த அறுபத்துமூன்று வீடுகளின் கணக்கு இரண்டு மகஜரிலும் முதல் பக்கத்திலேயே இருந்தது. கணக்கை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தங்கள் பக்கம்தான் என்று இரண்டு பெஞ்சுக்கும் உறுதியாகத் தெரியும். அதனால் இருவரும் அதை அசைக்க முடியாத ஆதாரம் என்று எழுதியிருந்தார்கள். மேற்படி செல்லாது என்று இப்போது சொன்னால், முதல் பக்கம் போய்விடும். யாருடைய முதல் பக்கம் என்பதும் தெரியாது.

முதலில் சுதாரித்தவர் சுயம்பு. மேற்படி போடுவது அப்படி ஒரு பெரிய குற்றமா என்று பொதுவாகக் கேட்டார். எழுத்து வேலை பார்ப்பவனுக்கு அது சகஜம் என்றார் விஜயதாஸ். அவர் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில்கூட உண்டாம். மற்ற பத்திகளெல்லாம் சரியாக இருக்கின்றன அல்லவா, கப்பல், தேதி, ஊர்? ஊர் பாறசாலை என்று கையால் எழுதியிருக்கிறதே, அது போதாதா?

"மாமா பஸ்ராவுக்குப் போனதுல இனி ஒரு சம்சயமும் இல்ல," என்றார் சுயம்பு.

"ஒட்டும் இல்ல," என்றார் விஜயதாஸ்.

ஆனந்தபாய் சாயா ஆற்றிக்கொண்டே, முப்பத்தைந்து வருடத்து வழக்கு முக்கால் நாழிகையில் தீர்ந்ததே, நெய்யாற்றின்கரைக் கோர்ட்டை இங்கே மாற்றிவிடலாம் என்றாள். பொன்னையன் முடிச்சை அவிழ்த்து மெடலைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு பஸ்ராவில் கோடைக்காலம் எப்படி இருக்கும் என்று தொடங்கினார். ஆமாம் ஆமாம், கடுமையான வெயில்தான் என்று இரண்டு பெஞ்சும் உடனே ஒப்புக்கொண்டுவிட்டு மகஜருக்குத் திரும்பின. அவருக்கு அடுத்த வாக்கியம் வரவில்லை.

பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியில் சுயம்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே கொஞ்ச தூரம் வந்தார். ஒரு வளைவு தாண்டியதும் விஜயதாஸ் எதிரே வந்தார். முதல் வீட்டைப் பற்றித் தனியாகக் கேட்ட இருவருக்கும் பிள்ளை சொன்ன பதில் கடையில் சொன்னதுதான். அன்று மாலை வெண்கல மெடல் பெட்டிக்குள் போனது, முப்பத்திரண்டாவதாக.

நாலு நாள் கழித்து ஒரு பிற்பகலில் பொன்னையன் வந்தார். மெடலைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். பிள்ளை பெட்டியைத் திறந்து காட்டினார். பார்த்து முடித்த பிறகும் பொன்னையன் எழவில்லை. சாயாக்கடையில் இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் சம்மதிக்கிறார்கள், மனுஷன் எப்படிப் பேசுவது என்று குறைப்பட்டார். பிறகு பம்பாயில் கப்பல் ஏறிய கதையை ஆரம்பித்தார். சித்திரை பிறந்து நாலாம் நாள், வெயில்.

"மார்ச்சு பதினாலு," என்றார் பிள்ளை, அட்டையைப் பார்த்து. "ரிக்கார்டுல அப்படித்தான் இருக்கு. சித்திரை பிறக்க இன்னும் ஒரு மாசம் உண்டு."

பொன்னையன் முகம் சட்டென்று தெளிந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"எழுதினவன் கப்பல்ல ஏறினானா சாரே?"

போன வாரமாக இருந்தால் பிள்ளையிடம் இதற்குப் பதில் இருந்திருக்கும். இப்போது பென்சிலை எடுத்து, அட்டையில் தேதிக்குக் கீழே, ஆள் சொல்வது சித்திரை நாலு என்று எழுதிக்கொண்டார். உமையம்மாள் கதவோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாவது காப்பிக்கு அடுப்பை ஊதப் போனாள்.

"சாரு வெட்டாம எழுதணும்," என்றார் பொன்னையன். "நான் முதல்லயிருந்து சொல்லுதேன். நம்ம பக்கத்தில எங்கயும் ரயில் கிடையாது அண்ணைக்கு."