பிள்ளைப்பாக்கத்துச் செவலை

கனகத்துக்கு விஷக்காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. காய்ச்சல் போனதே தவிர, எடுத்துக்கொண்ட உடம்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எழுந்து நின்றால் தரை ஏரித் தண்ணீர் மாதிரி அசைந்தது. தலையில் கை வைத்தால் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. புருஷன் எல்லப்பன் தன் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து அவள் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டிருந்தான். காலையில் கயிற்றுக் கட்டிலைத் தோட்டத்துப் பூவரச மரத்தடிக்குத் தூக்கிப்போய், அவளைப் படுக்கவைத்து, கஞ்சிக் குவளையை மூடி வைத்துவிட்டு முதல் பஸ்ஸுக்கு ஓடுவான். குரோம்பேட்டைத் தோல் ஷெட்டில் அவனுக்கு வேலை. சேரப்பணஞ்சேரிக்குத் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிடும்.

மிச்சப் பொழுதெல்லாம் கனகமும் நாலு கோழியும் ஒரு சேவலும்தான். தை மாசத்து வெயில் பூவரச இலைகளின் வழியாகச் சில்லறை சில்லறையாக விழும். அவள் கண்ணை மூடுவாள், திறப்பாள். மூடியபோது கண்டது எது, திறந்தபோது கண்டது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒருநாள் கோழிகள் நாலும் புடவை கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் வரிசையாக நடந்து போயின. இன்னொரு நாள் செத்துப்போன அவள் அப்பா கட்டில் காலருகே குந்தி பீடி பற்றவைத்தார்.

அதனால்தான், நாத்தனார் முனியம்மாள் ஒரு கையில் துணி மூட்டையும் இன்னொரு கக்கத்தில் செவலைக் கோழியுமாகப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, இதுவும் அந்த வகைதான் என்று நினைத்துக் கனகம் பேசாமல் படுத்திருந்தாள்.

"இன்னாடி, உயிரு கீதா இல்லியா? வந்தவள வான்னு சொல்ல வாய் இல்ல?"

கனவில் வருகிறவர்களுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்காது. கனகம் எழ முயன்றாள்.

"படு, படு. எல்லப்பன் சொல்லி அனுப்பினான். நீ எழுந்து நடமாடற வரைக்கும் நான் இங்கதான்."

முனியம்மாள் எல்லப்பனுக்கு எட்டு வயசு மூத்தவள். பிள்ளைப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, நாலு வருஷத்துக்கு முன் புருஷனைப் பறிகொடுத்தவள். தலைக்குமேல் வளர்ந்த இரண்டு பிள்ளைகள். வரப்பில் நின்று அவள் கூப்பிட்டால் அடுத்த ஊர் மாடு திரும்பிப் பார்க்கும் என்பார்கள். கனகத்துக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் ஒரு பயம்.

"கோழி எதுக்கு அண்ணி?" என்று மெல்லக் கேட்டாள்.

"அத்த யார்கிட்ட வுட்டுட்டு வர்றது? அந்தத் தடிப்பசங்க தன் தட்டுல சோறு கீதான்னுதான் பாப்பானுங்க. இதுக்கு ஒரு வா தண்ணி வெப்பானுங்களா?"

சொல்லிக்கொண்டே கோழியைக் கீழே விட்டாள்.

செவலை, பிள்ளைப்பாக்கத்தில் ஒற்றைக் கோழியாக முனியம்மாளின் அடுப்படியிலேயே வளர்ந்தது. இங்கேயும் தன் வீடு என்ற நினைப்பில் தலையை நிமிர்த்திக்கொண்டு நேரே நொய் இருந்த சட்டிக்குப் போனது. சட்டியருகே சாம்பல் நிறக் கோழி நின்றிருந்தது. கனகத்தின் கூட்டத்துக்கு அதுதான் தலைவி. அது தின்ற பிறகுதான் இரண்டு கருப்புகளும் தின்னும். எல்லாம் முடிந்த பிறகு புள்ளிக்கோழி வந்து சிந்தியதைப் பொறுக்கும். இந்த வழக்கம் ஏதும் தெரியாத செவலை சட்டிக்குள் அலகை விட்டதும், சாம்பல் ஒரு எவ்வு எவ்வி அதன் கொண்டையில் கொத்தியது. ரத்தத்தைப் பார்த்ததும் கருப்புகளும் சேர்ந்துகொண்டன. சேவல் மட்டும் தனக்குச் சம்பந்தமில்லாத ஊர்ப் பஞ்சாயத்து என்பதுபோல் வேலிப்பக்கம் போய் நின்றது.

முனியம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். அடி வாங்கிய கோழியும் அடித்த கோழியும் சேர்ந்து தோட்டம் முழுக்கப் பறந்தன.

மூன்று நாளில் செவலையின் கழுத்து மொட்டையாகிவிட்டது. பகலெல்லாம் அம்மிக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நின்றது. முனியம்மாள் வெளியே தூக்கி விட்டால் சாம்பல் காத்திருந்து விரட்டும். அதற்குப் பயந்து கூடையைக் கவிழ்த்துச் செவலையை உள்ளே போட்டாள். கூடைக்குள் போட்ட நொய் போட்டபடியே கிடந்தது. வெளியே மற்றவை கூடையைச் சுற்றி நடை போட்டு, சந்து வழியாகக் கொத்தப் பார்த்தன.

நாலாம் நாள் மத்தியானம் கனகம் அரைத் தூக்கத்தில் இருந்தாள். எங்கோ மழை பெய்வதுபோல் ஒரு சத்தம் கேட்டது. கண்ணை லேசாகத் திறந்தாள். வெயில் அப்படியே இருந்தது. முனியம்மாள் கூடையருகே குந்தி, கோழியை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ராணியாட்டம் இருந்தியே. உன்ன இட்டாந்து சீரழிச்சிட்டேனே... அங்கயே இருந்திருக்கலாமே நீ."

புருஷன் செத்த அன்றுகூட வந்தவர்களுக்கெல்லாம் பந்தல் நிழல் போதுமா என்று பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். அந்தப் பெரிய குரல் இப்போது கோழிக்கு மட்டும் கேட்கிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. இதைத் தான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று கனகம் முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கண்ணை மூடியபடியே சொன்னாள்:

"அண்ணி, அத்த கூடைல போடாதீங்க. அடிக்கிறவளப் போடுங்க."

முனியம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "தூக்கத்துல பேசறியா?"

"இல்ல. சாம்பலப் புடிச்சிப் போடுங்க. அவ இல்லன்னா மத்தவளுங்களுக்குச் சண்டைக்கு நிக்கத் தெரியாது. கண் மறைவா, வூட்டுக்கு முன்னால கொண்டுபோய்க் கவுத்துடுங்க. நாலு நாளு போவட்டும்."

"அதுக்குள்ள இதுங்க கொத்திக் கொன்னுட்டா?"

"செவப்பு தெரியறதாலதான் கொத்துதுங்க. அடுப்புக்கரிய வேப்பெண்ணெயில கொழச்சி காயத்துமேல தடவுங்க. தீனிய ஒரே சட்டில வெக்காதீங்க. மூணு எடத்துல எறைங்க."

காய்ச்சலுக்குப் பிறகு அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். மூச்சு வாங்கியது. முனியம்மாள் எழுந்துபோய்க் கரியை நுணுக்கினாள். கோழியின் கழுத்தில் தடவி முடித்துக் கையைக் கழுவினாள். உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கனகத்தின் தலைத்துண்டை ஒன்றும் கேட்காமல் அவிழ்த்து, அங்கங்கே வெளுத்துத் தெரிந்த மண்டையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். கனகம் கூச்சத்தில் தலையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"சும்மா இரு. உன்ன யாரு பாக்கறா இங்க? நானும் கோழியும்தான்."

அவள் விரல்கள் மெதுவாக வட்டம் போட்டன. அன்று கனகம் கனவே இல்லாமல் தூங்கினாள்.

சாம்பல் இல்லாத தோட்டம், தலையாரி இல்லாத ஊர் மாதிரி இருந்தது. கருப்புகள் இரண்டும் எங்கே போய்த் தின்பது என்று தெரியாமல் நின்றன. சட்டியில்லாமல் மூன்று இடத்தில் இறைந்து கிடந்த நொய் அவற்றைக் குழப்பியது. கனகத்தின் யோசனைப்படி முனியம்மாள் ஒரு கட்டு முருங்கைக்கீரையை எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டாள். அது காற்றில் ஆட ஆட, கோழிகள் அதைத் துரத்திக்கொண்டிருந்தன. மற்றதை மறந்துவிட்டன.

இரண்டாம் நாள் செவலை அம்மிக்கல்லை விட்டு ஒரு முழம் வெளியே வந்தது. மூன்றாம் நாள், எல்லாரிடமும் அடி வாங்கிப் பழகிய புள்ளிக்கோழி வேலியோரத்துப் புழுதியில் குழி பறித்துப் புரண்டுகொண்டிருந்தபோது, செவலை தயங்கித் தயங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தது. புள்ளி ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு சிறகை உதறிப் புழுதியை அதன் முதுகிலும் சேர்த்து இறைத்தது. கனகம் கட்டிலிலிருந்து கையை ஆட்டி முனியம்மாளைக் கூப்பிட்டாள். இருவரும் மூச்சுக்கூட விடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெல்லிய புழுதி வெயிலில் எழும்பி, பொன்னாக நின்று, அப்படியே கரைந்தது.

ஐந்தாம் நாள் காலையில் சாம்பலைத் திறந்துவிட்டார்கள். அது விறைப்பாக வந்து நடுத் தோட்டத்தில் நின்றது. யாரும் வழி விடவில்லை. தன் ஊருக்கே விருந்தாளியாக வந்தவள் மாதிரி அக்கம்பக்கம் பார்த்தது. கடைசியில் செவலையைக் கண்டு நேரே அதனிடம் போனது. முனியம்மாள் துடைப்பத்தைத் தேடினாள். கனகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. வுடுங்க. அதுங்களே பேசிக்கட்டும்."

இரண்டும் நெஞ்சோடு நெஞ்சு நின்றன. சாம்பல் ஒரு கொத்து கொத்தியது. செவலை ஓடவில்லை; கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. இன்னொரு கொத்து. இந்தத் தடவை செவலை இரண்டடி நகர்ந்து, அடுத்த இடத்தில் கிடந்த நொய்யைப் பொறுக்க ஆரம்பித்தது. சாம்பல் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தன் பங்கைத் தின்னப் போனது. அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் வரிசை தெளிவாகிவிட்டது. சாம்பல் முதலில். பிறகு பெரிய கருப்பு. மூன்றாவதாகச் செவலை.

"மூணாவதா?" முனியம்மாளுக்கு மனசு ஆறவில்லை. "எங்க வூட்ல அதுதான் எல்லாமே."

"ஒண்ணே ஒண்ணு இருந்தா அதுதான் எல்லாமே, அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கனகம் சிரித்தாள். சொன்ன பிறகுதான் அது கோழியைத் தாண்டி அவள்மேலேயே போய்ப் படும் என்று பயந்தாள். முனியம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்தி, ஏரிப்பக்கம் பார்த்தாள்.

மாசி பிறந்தது. கனகம் கிணற்றடி வரைக்கும் போய் வந்தாள். அரைக் குடம் தண்ணீர்கூடத் தூக்கினாள். மண்டையில் பூனை மயிர்போல் புது முடி முளைத்தது. இனி இங்கே தனக்கு என்ன வேலை என்று முனியம்மாளே ஒருநாள் மூட்டையைக் கட்டினாள். பத்தரை மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். கோழியைப் பிடிக்கப் போனால் கோழியைக் காணோம்.

தோட்டம் பூராவும் தேடினார்கள். கடைசியில் காய்ந்த பனையோலைக் குவியலுக்குப் பின்னால் கனகம்தான் கண்டுபிடித்தாள். செவலை பரந்து விரிந்து அப்பம்போல் உட்கார்ந்திருந்தது. முனியம்மாள் அடியில் கைவிட்டாள். தன்னை வளர்த்த கையென்றும் பார்க்காமல் அது வெடுக்கென்று கொத்தியது. அடியில் பத்து முட்டைகள். பழுப்பு, வெளுப்பு, சின்னது, பெரியது. சாம்பலின் முட்டையும் புள்ளியின் முட்டையும் அதில் கலந்திருந்தன.

"அடிப் பாவி, அடைக்குக் குந்திக்கிச்சே!"

"இப்ப எழுப்பினா எல்லாம் கெட்டுப்போவும், அண்ணி. இருபத்தோரு நாளு ஆவும்."

ரோட்டுப்பக்கம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. முனியம்மாள் கொத்துப்பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு கோழியையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். கனகம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டரிடம் முனியம்மாள் பேசியது இங்கே வரைக்கும் கேட்டது.

"எங்க பசங்கள பிள்ளைப்பாக்கத்துல பாத்தா சொல்லு. நான் வர மூணு வாரம் ஆவும். அதுவரைக்கும் அவனுங்களே ஆக்கித் துன்னட்டும்."

"இன்னாம்மா, தம்பி வூட்ல எதுனா விசேஷமா?"

"ஆமா. பத்து முட்ட அடைக்கு வெச்சிகீது."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. புழுதி அடங்கியதும், அவள் ஏரிக்கரை வழியாகத் திரும்பி வருவது தெரிந்தது. வழியில் நின்று, ஆவாரம்பூவை ஒரு கை பறித்து மடியில் போட்டுக்கொண்டாள். தண்ணீரில் கொக்குகள் இறங்குவதை நின்று பார்த்தாள். எந்த அவசரமும் இல்லாமல் முனியம்மாள் நடந்து கனகம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கனகம் உள்ளே போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு உலையில் இரண்டு பேருக்கு அரிசி போட்டாள்.