கண்ணாடி மேல் கொடி

கட்சிக்காரன் நெலியோ சிவப்புக் கொடியைச் சவப்பெட்டிமேல் விரித்து மூலைகளை இழுத்து நீவிக்கொண்டிருந்தான். பிணத்தின் முகம் தெரிய மூடியில் வைத்திருந்த கண்ணாடியும் அதற்கடியில் போய்விட்டது.

"தோழர், முகத்த மூடிட்டீங்க. தம்பி போன்ல பாக்கணும்," என்றாள் யுஸ்மெலி.

"உரை முடியட்டும். உங்கப்பா நம்ம கட்சியில மொத ஆளு. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அப்பாவுக்கு இதய மாத்திரை கேட்டு அவள் அலைந்தபோது இந்த மரியாதை எந்தச் சந்தில் படுத்திருந்ததோ.

கராகஸின் அந்த மலைச்சரிவில் பிற்பகலானால் மின்சாரம் போகும், கூடவே சிக்னலும் போகும். படிக்கட்டின் அடியில் இடுகாட்டு வண்டி காத்திருந்தது. ஆனாலும் அவள் வாயை மூடிக்கொண்டாள். அரசாங்கத்திலிருந்து மாதாமாதம் அரிசியும் சோள மாவும் வரும் பெட்டியை யாருக்குக் கொடுப்பது என்பது நெலியோ கையில் இருந்தது. தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

போனில் தம்பி யோர்மான் சிலி எல்லையில் நின்றுகொண்டிருந்தான். பிழைப்புத் தேடி அவன் கிளம்பிய அன்று, "துரோகி" என்று சொல்லிவிட்டு அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசி வாரம் முழுக்க அவன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தென் அமெரிக்கா முழுக்க ஒரே தேசம் என்பார் அப்பா; அந்தத் தேசத்தை நடந்தே அளந்தவன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான்.

நெலியோ வாய்ப்பந்தல் போட ஆரம்பித்தான். "மறைந்த தோழர் எவரிஸ்தோ கண்ட பெரிய தாயகத்துல எல்லையே கிடையாது. கொலம்பியாவும் நம்ம வீடு. பெருவும் நம்ம வீடு. சிலியும் நம்ம வீடு."

"அக்கா," என்றது போன், "அத இங்க துப்பாக்கியோட நிக்கிறவன்கிட்ட வந்து சொல்லச் சொல்லு. நம்ம வீட்டுக்குள்ள விடமாட்டேங்கிறான்."

காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நெலியோ குரலை இன்னும் உயர்த்தினான். விடுதலைப் போரில் தொடங்கி ஒவ்வொரு நாடாக வந்தான்.

"அக்கா, வெறும் செவப்பாத்தான் தெரியுது. அப்பா எங்க?"

அரிசியாவது மாவாவது. யுஸ்மெலி கொடியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். நெலியோ மறுமுனையை அழுத்திப் பிடித்தான்.

"முடியப் போகுது தோழர், ஒரு நிமிஷம்."

மின்விசிறி நின்றது. பக்கத்து வீட்டு ரேடியோவும் நின்றது. போனில் யோர்மான் வாய் பாதி திறந்தபடி உறைந்து, பிறகு மறைந்துபோனான்.

நெலியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டான். கொடியைத் தானே எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தான்.

"நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு வேணும்," என்றான்.

பெட்டியைத் தூக்க நான்கு பேர் வந்து குனிந்தார்கள். யுஸ்மெலி போனைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தபடி அவர்களோடு படியிறங்கினாள்.