திரி பற்றவைக்கும் வரிசை

மழை விட்டிருந்தது. மைன் ஆற்றின் மேல் வெயில். மெலிதாக, மஞ்சளாக, பல நாள் கழித்து வந்த வெயில்.

இக்கரையில் நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். அக்கரையில் எங்கள் படையின் முகாம். ஈரக் கூடாரங்கள். ஈர விறகு. ஓர் அடுப்பும் எரியவில்லை.

என் புருஷன் உல்ரிஷ் அங்கே இருந்தான், துப்பாக்கிக்காரர்களோடு. என்னைப் படகில் கொண்டுவந்து விட்டுத் திரும்பியவன் அவன்தான். "எதிரி எங்கயோ தொலைவுல கெடக்கான் புள்ள. நீ நிம்மதியாத் தொவை" என்றான்.

எங்கள் துப்பாக்கிக்குத் திரி வேண்டும். நெருப்பு கனியும் கயிறு. அது அணைந்தால் துப்பாக்கி வெறும் கட்டை. கயிறு வீணாகிறதென்று கேப்டன் எல்லார் திரியையும் அணைக்கச் சொல்லியிருந்தான். முகாமுக்கே ஒரு திரி மட்டும் கனியும், காவல்காரன் கையில். மகா கெட்டிக்காரக் கேப்டன்! அவன் வாயில் மண் விழ.

முகாமுக்குப் பின்னால் காட்டின் ஓரம் அசைந்தது. குதிரைகள். ஈர மண்ணில் குளம்புச் சத்தமே இல்லை. குதிரைகள், மேலும் குதிரைகள், உருவிய வாள்களில் வெயில்.

அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நான் மட்டும் பார்த்தேன்.

"உல்ரிஷ்! பின்னால பாரு! பின்னால!"

ஆறு பெருகி இரைந்தது. என் குரல் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. அவன் சிரித்தபடி கையசைத்தான். அட பாவி மனுஷா, கையையா அசைக்கிறாய்!

பிறகுதான் முரசு அலறியது.

எங்கள் ஆட்கள் ஓடவில்லை. அந்த ஒரே நெருப்பின் முன்னால் வரிசையில் நின்றார்கள். பிரம்படி வாங்கிப் பழகிய வரிசை. ஒருவன் திரியை நீட்டி, ஊதி, நகர்வான். அடுத்தவன் நீட்டுவான். குதிரைகள் கூடாரங்களை மிதித்து வந்துகொண்டிருந்தன, இவர்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

காவல்காரன் முதலில் விழுந்தான். வரிசை சிதறியது.

உல்ரிஷ் மட்டும் மண்டியிட்டான். விழுந்தவன் கையிலிருந்த நெருப்பில் தன் திரியை வைத்து ஊதினான். நனைந்த திரி. பிடிக்கவில்லை. மறுபடி ஊதினான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு குதிரை.

இக்கரையில் நானும் வாயைக் குவித்து ஊதினேன். பிடி, பிடி, பிடித்துத் தொலை. மூச்சு முட்ட ஊதினேன்.

குதிரைகள் அவனை மிதித்துத் தாண்டிப் போன பிறகும் ஊதிக்கொண்டே இருந்தேன்.