அளவுச் சட்டை

எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே தோள்தான். அம்மாவின் தோள். டெய்லர் அண்ணனிடம் எனக்கு முதன்முதலில் சட்டை தைக்கக் கொடுத்தபோது, அளவுக்கு அம்மாவின் பழைய சட்டையைக் கொண்டுபோனோம். என் தங்கை சின்னவளுக்குத் தைக்க, என் சட்டையைக் கொடுத்தோம். அவளுக்கு அடுத்த சட்டை தைக்க, அவர் தைத்த அந்தச் சட்டையே அளவு. "வளர்ற பொண்ணு, தாராளமா இருக்கட்டும்" என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டியே வெட்டுவார். வளர்ந்து முடித்த பிறகும் கூட்டினார். சின்னவள் ஊதினால் பறந்துவிடுவாள். அவள் சட்டைக்குள் இன்னொரு ஆளைக் குடிவைக்கலாம்.

எங்களுக்கு இது குறையாகவே தெரிந்ததில்லை. கால்வாய்க்கு எங்கள் பக்கம் எல்லோர் சட்டையும் அப்படித்தான். "அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு உடுத்தவே தெரியாது, தொளதொளன்னு மாட்டிக்கிட்டு வருவாங்க" என்று கடைவீதியில் பேசுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். சுருக்கென்று கோபம் வரும். குனிந்து என் தோளைப் பார்த்தால் வாய் அடைத்துப்போகும்.

போன வாரம் சின்னவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் முன்மேசை வேலை கைக்கு எட்டியது. அவள் பேச்சு, படிப்பு எல்லாம் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கடைசியில் மேனேஜரம்மா சொன்னாராம்: "எல்லாம் சரிம்மா. ஆனா முன்னாடி உக்கார்ற பொண்ணு பார்க்க நறுவிசா இருக்கணும். இரவல் சட்டை மாதிரி இருக்கே இது! திங்கக்கிழமை பெரிய டாக்டர் பார்ப்பாரு. உனக்குன்னு தைச்சதைப் போட்டுட்டு வா."

அது அவளுக்கென்று தைத்ததுதான். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, தலையை ஆட்டிவிட்டு வந்து என் மடியில் விழுந்து அழுதாள். நான் பேக்கரியில் ரொட்டி அடுக்குகிறவள். அரைநாள் லீவு சொல்லிவிட்டு, புதுத்துணி எடுத்துக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு டெய்லர் கடைக்குப் போனேன்.

டெய்லர் அண்ணன் நல்ல மனுஷர். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, எங்களைப் பார்க்கும்போதெல்லாம் நின்று விசாரித்தவர். அதனால்தானோ என்னவோ, எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை.

நாங்கள் போனபோது கடைவீதி மருந்துக்கடை அம்மாவின் மகளுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். தோள், கை, மணிக்கட்டு. "மூச்சை விடும்மா, எதுக்கு வயித்தை எக்குறே?" என்று கிண்டல் வேறு. அடுத்து அளவு கொடுக்க வேண்டியவர் மருந்துக்கடை அம்மா. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"அவங்க சட்டையைக் குடுத்துட்டுப் போகட்டும்ண்ணே. நான் அப்புறம் அளவு குடுக்கிறேன்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவர்கள் அளவு கொடுப்பார்கள், நாங்கள் சட்டை கொடுப்போம். எல்லோருக்கும் தெரிந்த இந்த வழக்கம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்து ஆள்மேல் அந்த டேப் பட்டதே இல்லை.

"அளவுச் சட்டை எங்கம்மா?" என்று டெய்லர் அண்ணன் கையை நீட்டினார்.

"கொண்டு வரலண்ணே. டேப் வெச்சு எடுங்க."

"டேப் எதுக்கும்மா? எனக்குக் கண்ணே அளவு."

"அப்ப அந்தப் பொண்ணுக்கும் கண்ணாலேயே எடுத்திருக்கலாமே!"

அவர் என்னைப் பார்க்கவில்லை, மருந்துக்கடை அம்மாவைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவருக்கு எங்கள்மேல் அருவருப்பு இல்லை. அவர்கள்மேல் பயம். அந்த அம்மா வராமல் போனால், கூடவே பாதிக் கடைவீதி வராது. பாவம்தான். ஆனால் அந்தப் பாவத்தை இத்தனை வருஷம் எங்கள் தோளில் அல்லவா தொங்கவிட்டிருக்கிறார்!

சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாக்கா, போயிடலாம்."

"போகலாம்டி. திங்கக்கிழமை எதைப் போட்டுக்கிட்டுப் போவே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததைப் பார்த்த டெய்லர் அண்ணன், கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். அவள் பின்னால் போய், ஒரு தோளில் ஒரு முனையை வைத்து, மறு தோளுக்கு இழுத்துப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவு சின்ன தோளாம்மா உனக்கு?"

பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவளுக்குத் தைக்கிறவர் கேட்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அதற்குள் மருந்துக்கடை அம்மா எழுந்துவிட்டார். அவர் கண் எங்கள்மேல் இல்லை, அந்த டேப்பின் மேல் இருந்தது.

"எனக்கு அளவு எடுக்க வேண்டாம்ண்ணே. வீட்டுலேருந்து பழைய சட்டை குடுத்தனுப்புறேன், அதை வெச்சே தைச்சிடுங்க."

சின்னவள் மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேசை இழுப்பறையில் இன்னொரு டேப் இருந்தது. இழுப்பறை பாதி திறந்தே கிடந்தது, எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. டெய்லர் அண்ணன் அதை ஒருமுறை பார்த்தார். பிறகு இடுப்பால் முட்டி இழுப்பறையை மூடிவிட்டு, சின்னவளின் தோளைத் தொட்ட டேப்பையே கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"பழைய சட்டையை வெச்சுத் தைச்சா தொளதொளன்னு வரும்மா," என்றார். "நல்லாவே இருக்காது."

மருந்துக்கடை அம்மா மகளை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். டெய்லர் அண்ணன் அவர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆக, இத்தனை வருஷமும் இவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. நன்றி சொல்வதா, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதா என்று தெரியாமல் நான் நின்றேன்.

சின்னவள் என் கையை விட்டுவிட்டு அவர் முன்னால் போய் நிமிர்ந்து நின்றாள்.

"கை நீளம் இன்னும் எடுக்கலண்ணே," என்று கையை நீட்டினாள்.