ஆட்சேபணை இல்லை

எலிசபெத் திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் நர்ஸாக வேலை பார்த்தவர். வீடு சித்தூர் போகும் சாலையில், ஒரு சிறிய நகராட்சியில், சாரதா கார்டன்ஸ் என்ற காலனியில். ஓய்வு பெற்ற மறு மாதமே குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பதவியை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். தலைவர் சம்பத் பஸ் கண்டக்டராக இருந்தவர். தெலுங்கில் யாரிடமும் சளைக்காமல் பேசுவார், எழுதத்தான் வராது. எழுத்து வேலை முழுக்க எலிசபெத்துக்கு.

காலனிக்கு நடுவில் அரை ஏக்கர் காலி இடம் இருந்தது. லேஅவுட் படத்தில் அதற்குப் பூங்கா என்று பெயர். உண்மையில் அங்கே இருந்தது பதினோரு புங்க மரமும் இரண்டு சிமெண்டு பெஞ்சும்தான். சர்க்கரை இருப்பவர்கள் அதைச் சுற்றி நடப்பார்கள். தறி வேலை முடித்த பெண்கள் நிழலில் வந்து காலை நீட்டுவார்கள். அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டப்போவதாக ஒருநாள் நகராட்சிக்காரர்கள் போர்டு வைத்தார்கள்.

இரண்டு வருடம் எலிசபெத் திங்கட்கிழமை தோறும் அர்ஜி என்று மனு எழுதிக்கொண்டு நகராட்சி ஆபீஸுக்குப் போனார். ஒவ்வொரு அர்ஜிக்கும் ஒரு வாரத்தில் போனில் செய்தி வரும், பிரச்சினை தீர்க்கப்பட்டது என்று. முதல் தடவை அதை நம்பி, நாலாவது தெருவில் தையல் தைக்கும் காஞ்சனாவை அழைத்துக்கொண்டு பூங்காவுக்கு ஓடினார். அங்கே அளவுக்கல் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜேசிபி வந்த அன்றைக்கு இரண்டு பேரும் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். வேறு யாரும் உட்காரவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். அந்தத் தடவை வண்டி திரும்பிப் போய்விட்டது.

பிறகு ஐப்பசி மழை வந்தது. காலனிக்குச் சாக்கடை கிடையாது. எல்லாத் தெருத் தண்ணீரும் பள்ளத்தில் இருந்த நாலாவது தெருவுக்குத்தான் இறங்கும். காஞ்சனாவின் வீட்டில் தையல் மிஷின் பெடல் வரை கழிவுத் தண்ணீர் நின்றது. ஒன்பது வயது மகள் நளினிக்கு டெங்கு. எலிசபெத்தான் தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் சொல்லி படுக்கை வாங்கிக் கொடுத்தார். ஆறு நாள் கழித்துத்தான் குழந்தைக்கு ரத்தத் தட்டணுக்கள் ஏறின.

அந்த வாரமே நகராட்சி எஞ்சினியர் சம்பத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். மண்டபத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று சங்கம் தீர்மானம் போட்டுக் கொடுத்தால், கோடைக்குள் எல்லாத் தெருவுக்கும் சாக்கடை.

ஞாயிற்றுக்கிழமை சம்பத் வீட்டு ஷெட்டில் கூட்டம். முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். அவ்வளவு பேர் சங்கக் கூட்டத்துக்கு வந்து எலிசபெத் பார்த்ததில்லை.

"சாக்கடை போடறது அவங்க வேலை. மரத்தை வெட்டறதுக்கு நம்ம சம்மதம் எதுக்கு?" என்றார் எலிசபெத்.

"நியாயம்தான் சிஸ்டர்," என்றார் நரசிம்மன், முதல் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். "ரெண்டு வருசமா நியாயத்ததான் எழுதிக்கினு போனீங்க. இன்னா வந்துச்சு?"

தீர்மானத்துக்குச் சம்மதிப்பவர்களைச் சம்பத் கை தூக்கச் சொன்னார். கைகள் உயர்ந்தன. கடைசியாக, தரையைப் பார்த்தபடியே காஞ்சனாவும் தூக்கினாள்.

தீர்மானத்தை எழுத வேறு ஆள் இல்லை. எலிசபெத்தே தெலுங்கில் எழுதி, செயலாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். நகல் எடுக்கச் சம்பத் வாங்கிப் போனபின் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். ஷெட்டில் காஞ்சனா மட்டும் போகாமல் நின்றாள்.

"எம் மேல கோவமா சிஸ்டர்?"

"இல்ல காஞ்சனா."

"அவ ஆஸ்பத்திரில கெடந்தப்போ உங்களத் தவிர ஒருத்தரும் வரல. எனக்குத் தெரியும். ஆனா மறுபடியும் அந்தத் தண்ணில அவள வெச்சிக்கினு இருக்க என்னால முடியாது."

"நானா இருந்தாலும் தூக்கியிருப்பேன்," என்றார் எலிசபெத். அது உண்மை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மரங்களை இரண்டே நாளில் வெட்டி முடித்தார்கள். சொன்னபடி சாக்கடையும் போட்டார்கள். அடுத்த மழையில் காஞ்சனா வீட்டில் ஒரு சொட்டு ஏறவில்லை. சங்கக் கூட்டத்துக்கு மட்டும் அதன்பின் யாரும் வரவில்லை. ஆனாலும் செயலாளர் என்ற பெயர்ப்பலகை எலிசபெத் வீட்டுக் கேட்டில் அப்படியே இருந்தது.

தை மாதத்தில் ஒரு காலை, அந்தப் பலகையைப் பார்த்து மூன்று பேர் கேட்டைத் தட்டினார்கள். மேற்கே ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்திருந்தார்கள். ரத்தினம்மா என்ற அம்மாள் பேசினாள்.

"ஒங்க காலனி சாக்கடை எங்க ஏரிலதான் வந்து உழுதும்மா. தண்ணி கறுத்துப்போச்சு. மாடு வாய வெக்க மாட்டேங்குது. யாராண்ட போய் சொல்றதுன்னு தெரியல. நீங்கதான் இங்க பெரியவங்கன்னாங்க."

சாக்கடை எங்கே போய்ச் சேரும் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எலிசபெத்தும் கேட்கவில்லை.

உள்ளே அழைத்து உட்காரவைத்து அவர்களுக்காக அர்ஜி எழுதினார். யார் மேல் புகார் என்ற இடத்தில் சாரதா கார்டன்ஸ் குடியிருப்போர் சங்கம் என்று எழுதினார். ரத்தினம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எலிசபெத் வாசித்துக் காட்டினார், அந்த வரி உட்பட.

"அது நீங்கதானம்மா?"

"ஆமா, நாங்கதான்."

திங்கட்கிழமை அவர்களோடு ஆபீஸுக்கும் போனார். கிளார்க் அர்ஜியைப் பார்த்தார், கையெழுத்தை அடையாளம் கண்டு எலிசபெத்தைப் பார்த்தார், சீல் போட்டு மற்றவற்றின் மேல் வைத்தார். சம்பத்துக்குச் செய்தி எட்டியது. அன்றிலிருந்து அவர் எலிசபெத்தோடு பேசுவதில்லை.

ஐந்து தடவை அர்ஜி கொடுத்தார்கள். ஏரியை யாரும் வந்து பார்க்கவில்லை. ஆனி மாதத்தில் ஆகாயத்தாமரை கரையிலிருந்து கரை வரை மூடிவிட்டது. ரத்தினம்மா மாடுகளை விற்றுவிட்டு, திருப்பதியில் ஒரு லாட்ஜில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது சில நாள் எலிசபெத்தைப் பார்ப்பாள்.

"துன்னீங்களாம்மா?" என்று கேட்பாள். ஏரியைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.